முட்டுக்காட்டில் மாலைப் படகு

வடபழனியிலிருந்து முட்டுக்காடு 30 கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் சூரியன் கடலில் உதிக்கும். மறைவதோ நிலத்தின் பக்கம். எனவே அஸ்தமனம் பார்க்க மெரினாவைவிட, ஈ.சி.ஆர். பாலத்துக்கு மேற்கே விரியும் முட்டுக்காடு உப்பங்கழியே சரி.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இங்கே உண்டு. ஆறேழு பேர் என்றால் மோட்டார் படகு எடுங்கள். வேகப்படகில் முகத்தில் தண்ணீர் அடிப்பதுதான் மிச்சம். வானத்தைப் பார்க்க நேரமிருக்காது.

நவம்பரில் 5.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.40 ஆகும். மாலையில் குறித்த நேரத்தில் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால் நீண்ட பகல் உள்ள மாதங்களில் முழு அஸ்தமனத்தையும் படகிலிருந்தே பார்ப்பது கடினம். பொன்வெயிலில் சவாரி, மிச்சத்தைக் கரையில் நின்று பார்க்கலாம். குளிர்மாதங்களே வசதி. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாயிறு மாலை வேண்டாம். கிண்டி, திருவான்மியூர் நெரிசலிலேயே வெளிச்சம் போய்விடும். வார நாளில் மூன்று மணிக்குள் புறப்படுங்கள்.

தொப்பி, தண்ணீர், செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போதும். குழந்தைகளுக்கு அளவான உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கேட்ட பிறகே டிக்கெட் வாங்குங்கள்.