இது எத்தனை சிசி? அளந்து அறிவோம்



பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், தஞ்சோங் காராங் என்று நம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஆடம்பரப் பொருள் அல்ல. ரவாங்கிலோ சுங்கை பூலோவிலோ வேலை கிடைத்தால், விடியற்காலையில் செம்பனைக்கு நடுவே ஓட்டிப்போக அதுதான் கால். 16 வயதில் ‘பி2’ லைசென்ஸ் எடுக்கலாம், 250 சிசி வரை ஓட்டலாம். புதுசு வாங்க வசதியில்லாத வீட்டில் செகண்ட்ஹேன்ட் பார்ப்பார்கள். அப்படிக் கைக்கு வரும் இஎக்ஸ்5, எல்சி, ஆர்எக்ஸ்சட் வண்டிகளில் பல, கடையிலிருந்து வந்தபடியே இருப்பதில்லை. யாரோ ஒருவர் புளோக்கை மாற்றியிருப்பார், இன்னொருவர் கிராங்க்கைத் தொட்டிருப்பார்.

“அண்ணே, இது எத்தனை சிசி?” என்று கேட்டால், “ஸ்டாண்டர்ட்தான் தம்பி, எக்ஸாஸ் மட்டும்தான் மாத்துனேன்” என்று பதில் வரும். நம்புவதா வேண்டாமா? இந்த மாதப் பாடம் இதுதான்.

மூன்று அளவைகள்

சமய வகுப்பில் அளவை என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அருள்நந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் சுபக்கம் அளவையில்தான் தொடங்குகிறது. ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்ற கேள்வியை முடித்துவிட்டுத்தான் அந்த நூல் மற்றதற்குப் போகும். சைவ சித்தாந்தம் கொள்ளும் அளவைகள் மூன்று: காட்சி, கருதல், உரை. நேரில் அறிவது காட்சி. ஓர் அடையாளத்தைக் கொண்டு ஊகிப்பது கருதல். குற்றமற்றவர் வாக்கை ஏற்பது உரை. நூலில் உரை என்பது இறைவன் வாக்கான ஆகமம். மோட்டார் விற்பவர் பேச்சை அதற்குப் பக்கத்தில் வைக்க நான் வரவில்லை. சோதிக்கும் முறையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

உரை: கெரான் என்ன சொல்கிறது?

விற்பவர் வாய்ச்சொல் விலை பேசுகிறவர் சொல். அதைத் தள்ளி வைத்துவிட்டு கெரானைப் பாருங்கள். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் கொள்ளளவு மூன்றும் அதில் இருக்கும். வண்டியில் குத்தியிருக்கும் நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்பாருங்கள். நம்பர் தேய்க்கப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் வரிசை தவறி ஏறி இறங்கி இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். திருட்டு வண்டியாக இருந்தால் காசும் போகும், போலீஸ் நிலையமும் ஏற வேண்டிவரும்.

நம்பர் சரியாக இருந்தால் போதுமா? போதாது. அந்த நம்பர் கீழே இருக்கும் கேஸிங்கில் குத்தப்பட்டது. சிசியைத் தீர்மானிப்பதோ மேலே உட்காரும் புளோக்கும் உள்ளே சுழலும் கிராங்க்கும். இரண்டையும் மாற்றினாலும் நம்பர் அப்படியேதான் இருக்கும். கெரான் பொய் சொல்வதில்லை, வண்டி பதிவான நாளின் உண்மையைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

கருதல்: எது அடையாளம், எது அடையாளமில்லை?

புகையைக் கண்டு நெருப்பை அறிவது என்பது கருதலுக்குப் பழைய எடுத்துக்காட்டு. மோட்டாரில் இந்த இடத்தில்தான் நம்மாட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சத்தம் பெரிதாக இருந்தால் எக்ஸாஸ் மாறியிருக்கிறது என்று தெரியும், சிசி தெரியாது. பெரிய கார்பரேட்டரை ஸ்டாண்டர்ட் இன்ஜினிலும் மாட்டலாம். டாப் ஸ்பீட் ஸ்ப்ரொக்கெட்டைப் பொறுத்தும் மாறும். கிக் கனமாக இருந்தால் கம்ப்ரஷன் கூடியிருக்கலாம், ஹெட்டைச் சீவினாலே அது கூடிவிடும். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். இவற்றில் எதுவும் கொள்ளளவைச் சொல்லாது.

கொஞ்சம் நம்பக்கூடிய அடையாளங்களும் உண்டு. புளோக்கின் வெளியே வார்ப்பில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், கம்பெனி புளோக்கா வெளிப்புளோக்கா என்று ஓரளவு தெரியும். புளோக் உட்காரும் இடத்தில் கேஸிங்கை அரைத்த தடம் இருந்தால், பெரிய ஸ்லீவ் இறக்க வாயைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதைப் பழையபடி ஆக்குவது சுலபமில்லை, விலை பேசும்போது இதை மறக்காதீர்கள். ஆனாலும் இவையெல்லாம் ஐயத்தை எழுப்பும், தீர்க்காது.

காட்சி: திறந்து அளப்பது

சிசி என்றால் என்ன? பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது தள்ளும் இடத்தின் அளவு. உருளையின் கொள்ளளவு, ஐந்தாம் படிவத்துக்கு முன்பே படித்த கணக்கு. அளவுகளை மில்லிமீட்டரில் எடுத்தால்:

போர் × போர் × ஸ்ட்ரோக் × 0.7854 ÷ 1000 = சிசி

போர் என்பது புளோக் துளையின் விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். நம் பக்கம் ஓடும் சில வண்டிகளின் கம்பெனி அளவுகள்:

இஎக்ஸ்5 (பழைய கார்பரேட்டர் மாடல்): 50 × 49.5, அதாவது 97.2 சிசி
யமஹா 135 எல்சி: 54 × 58.7, அதாவது 134.4 சிசி
யமஹா ஒய்15: 57 × 58.7, அதாவது 149.8 சிசி
ஆர்எக்ஸ்சட்: 56 × 54, அதாவது 133 சிசி

எல்சிக்கும் ஒய்15-க்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், போர் 3 மில்லிமீட்டர் வித்தியாசம். எல்சியில் 57 புளோக் போட்டால் ஒய்15 அளவுக்கு வந்துவிடும். போர் இரண்டு முறை பெருக்கப்படுவதால் சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். அதே எல்சியில் 62 போட்டால் 177 சிசி.

அளக்கும் முறை இது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹெட்டை ஃபோர்மன் கழற்றட்டும். டைமிங் செயினை ஒரு கம்பியால் இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், விட்டால் உள்ளே விழும், சுற்றும்போது சிக்கும். பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். சில பிஸ்டன்களில் அளவே குத்தியிருக்கும். 25, 50, 100 என்று இருந்தால் 0.25, 0.50, 1.00 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் என்று பொருள். இது ரேஸ் வேலை அல்ல, தேய்ந்த புளோக்கைச் சரிசெய்யும் பழுதுபார்ப்பு. எல்சியில் 1.00 போட்டாலும் 139.5 சிசிதான்.

அடுத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி வெர்னியரால் போரை அளங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது, குறுக்கும் நெடுக்குமாக எடுங்கள். 57 போரில் 0.1 மில்லிமீட்டர் தவறினாலும் கணக்கு அரை சிசிதான் மாறும், பயப்பட வேண்டாம். பிறகு பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதும் அடியில் இருக்கும்போதும், புளோக் மேல்மட்டத்திலிருந்து பிஸ்டனின் ஒரே புள்ளிவரை ஆழத்தை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். பிளக் ஓட்டை வழியாகக் குச்சி விட்டு அளப்பவர்களும் உண்டு. பிளக் சாய்வாக இருக்கும் இன்ஜினில் குச்சியும் சாய்வாகப் போகும், அளவு தப்பும்.

ஒரு கணக்கு

சென்ற செமஸ்டர் விடுமுறையில் என் சித்தி மகன் ஓர் எல்சி பார்த்தான். சித்தி கூட்டுப் போட்டுச் சேர்த்த காசு. கெரானில் 134 சிசி, நம்பர் சரி. விற்றவர் “போர் மட்டும் ஒன் பாயின்ட் பண்ணது” என்றார். கேஸ்கெட் செலவை நாங்களே தருகிறோம் என்று சொல்லி ஹெட்டைத் திறந்தோம். போர் 57.0. எல்லாரும் “அப்ப 150தான்” என்றார்கள். ஸ்ட்ரோக்கையும் அளந்தேன்: 62.7. கிராங்க் பின்னை 2 மில்லிமீட்டர் நகர்த்தியிருந்தார்கள். பின் 2 நகர்ந்தால் ஸ்ட்ரோக் 4 கூடும், மேலே 2, கீழே 2. கணக்குப் போட்டால் 160 சிசி. போரை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

“10 சிசிதானே, என்ன இப்ப?” என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தீபகற்ப மலேசியாவில் 150 சிசி வரை ரோட் டெக்ஸ் ஆண்டுக்கு 2 வெள்ளி, 151 முதல் 200 வரை 30 வெள்ளி. இந்த 28 வெள்ளி பெரிய விஷயமில்லை. பதிவில் ஒரு வண்டி, சாலையில் வேறொரு வண்டி என்பதுதான் விஷயம். பதிவு விவரம் மாறினால் ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், நஷ்டஈடு கேட்கும் நேரத்தில் தகராறு வரும். அப்போது அலைவது ஓட்டியவன் மட்டுமல்ல, அவன் அம்மாவும்தான். அதோடு பிரேக்கும் டயரும் 134 சிசிக்குப் போட்டவை. அவன் அந்த வண்டியை விட்டுவிட்டு, பிறகு ஒரு சாதாரண இஎக்ஸ்5 வாங்கினான்.

விற்பவருக்கும் ஒரு சொல்

இளைஞர்களே, நாளைக்கு நாமும் விற்போம். மாற்றியதை மாற்றினேன் என்று சொல்லி, பழைய புளோக் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. ஆயுத பூஜையன்று மோட்டாரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்த மரியாதை விற்கும் நாளிலும் இருக்க வேண்டும்.

பயிற்சி

1. பழைய இஎக்ஸ்5 ஒன்றில் 53 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரோக் மாறவில்லை. எத்தனை சிசி? (விடை: 109.2)

2. ஆர்எக்ஸ்சட் ஒன்றில் பிஸ்டன் தலையில் 100 என்று குத்தியிருக்கிறது. ஸ்ட்ரோக் 54. எத்தனை சிசி? (விடை: 137.8)

3. கிளைக் கூட்டத்தில் பேசுங்கள்: கெரான், எக்ஸாஸ் சத்தம், வெர்னியர் அளவு, இவை மூன்றும் எந்தெந்த அளவையில் சேரும்? ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை ஏற்பீர்கள், ஏன்?

4. உங்கள் வீட்டு மோட்டாரின் கெரானை எடுத்து, இன்ஜின் நம்பரை இந்த வாரமே ஒத்துப்பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.