செல்லுலாயிட் படச்சுருள்: பிறப்பும் பயனும் பாதுகாப்பும்

பழைய பள்ளிகளின் பண்ட அறையிலோ, அலுவலக அலமாரியின் அடித்தட்டிலோ துருவேறிய வட்டத் தகரப் பெட்டிகள் சில கிடப்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கண்டிருக்கலாம். மூடியைத் திறந்தால் சிலவற்றிலிருந்து காடியின் புளித்த நெடி வீசும். உள்ளே சுருண்டு நெளிந்த படச்சுருள் இருக்கும். அதனை எறிந்துவிடுவதா, காப்பதா என்னும் வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அச்சுருள் எப்பொருளால் ஆனது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தந்தத்திற்கு மாற்றாக வந்த பொருள்

பருத்தி இழையின் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் பொருளாகும். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் பஞ்சைத் தோய்த்தால் அது நைட்ரோசெல்லுலோஸாக மாறுகிறது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஷேன்பைன் என்னும் இரசாயன விஞ்ஞானி 1846-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். நைட்ரஜன் மிகுதியாகச் சேர்ந்தால் இது வெடிபஞ்சு ஆகும். அளவு குறைந்தால், கரைத்து வார்க்கத்தக்க பொருளாகும்.

அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்துகள் செய்ய யானைத் தந்தம் போதாமற்போன காலத்தில், அதற்கு மாற்றுப் பொருள் தேடிய ஜான் ஹையட் என்பவர், நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரத்தைச் சேர்த்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து, வேண்டிய வடிவில் வார்க்கும் முறையை 1870-ஆம் ஆண்டையொட்டி வகுத்தார். இதற்கே செல்லுலாயிட் என்று பெயரிட்டனர். சீப்பு, பொம்மை, சட்டைக் காலர் முதலிய பல பொருள்கள் இதனால் செய்யப்பட்டன.

அந்நாளில் புகைப்படம் எடுப்போர் கண்ணாடித் தகடுகளையே உபயோகித்து வந்தனர். கண்ணாடியைச் சுருட்ட இயலாது. ஆகவே ஒரு வினாடிக்குள் பல படங்களைத் தொடர்ந்து எடுப்பதும் அரிதாயிருந்தது. 1889-ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் மெல்லிய, ஒளி ஊடுருவும் செல்லுலாயிட் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிக்சன் அதனை 35 மில்லிமீட்டர் அகலத்தில் அமைத்து, ஒவ்வொரு படத்திற்கும் இருபுறமும் நான்கு துளைகள் இட்டார். படச்சுருளின் அடிப்படை செல்லுலாயிட். அதன்மேல் ஜெலட்டின் பூச்சு. அப்பூச்சினுள் உருவத்தைத் தாங்குவன வெள்ளித் துகள்கள். பேசும் படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஓர் அடி நீளத்தில் 16 படங்கள் அடங்குமாதலால் ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி சுருள் வேண்டும்.

சமூகத்தில் விளைந்த மாறுதல்

நாடகக் குழு ஒரு நாளில் ஓர் ஊரிலேயே நடிக்க இயலும். படச்சுருளோ, ஒரே மூலத்திலிருந்து பல பிரதிகளாகி ஒரே நாளில் பல ஊர்களில் காட்டப்படலாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் பொதுமக்களுக்குக் காட்டிய சலனப்படங்கள், 1896 ஜூலை 7 அன்றே பம்பாயில் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்டன. ரெயில்வே எழுத்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் ஒரு காட்சிக் கருவியையும் சில சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அமைத்துப் படங்காட்டினார். எழுத்தறியாதவரும் தம் ஊரிலிருந்தே உலகத்தைக் காணும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று. கொட்டகையில் இருக்கையைப் பெரும்பாலும் கட்டணமே வகுத்தது, பிறப்பு வகுக்கவில்லை. இதுவும் சிறிய மாறுதலன்று.

தீயும் சட்டமும்

நைட்ரோசெல்லுலோஸ் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதன் மூலக்கூறிலேயே உள்ளது. ஆகவே பற்றிய சுருளை மணலிட்டு மூடினாலும் அணையாது; நீருக்குள் அமிழ்த்தினாலும் தொடர்ந்து எரியும். பல கொட்டகைகளில் தீ விபத்துகள் நேர்ந்தமையால், காட்சிக் கருவியைத் தீப்பிடிக்காத தனி அறையில் வைக்கவேண்டும் என்று பிரிட்டனில் 1909-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் வழங்கும் அதிகாரம் பெற்ற உள்ளாட்சி மன்றங்கள், நாளடைவில் எப்படத்தைக் காட்டலாம் என்பதையும் அதே அதிகாரத்தைக் கொண்டு விதிக்கலாயின. இந்தியாவில் 1918-ஆம் ஆண்டுச் சட்டம் கொட்டகைப் பாதுகாப்பு, படங்களுக்கு முன்சான்றிதழ் ஆகிய இரண்டையும் ஒருங்கே கொண்டிருந்தது. தணிக்கையின் வரலாற்றில் இரசாயனத்திற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

நாம் இழந்தவை

தீப்பற்றாவிடினும் நைட்ரேட் சுருள் காலப்போக்கில் சிதைகிறது. அதிலிருந்து வெளிப்படும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்துடன் கூடி அமிலமாகின்றன. முதலில் உருவம் மங்கும். பின்னர்ச் சுருள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். இறுதியில் பழுப்புத் தூளாகும். சிதைந்த சுருள் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நெடுநாள் இருந்தால் தானே தீப்பற்றக்கூடும். நம் நாட்டின் கோடைக்கு இவ்வெப்பம் புதிதன்று.

இதனோடு அறியாமையும் சேர்ந்தது. ஓடி முடிந்த படங்களை, அவற்றிலுள்ள வெள்ளிக்காகப் பழைய பொருளாக விற்றுவிட்டனர். இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் 1,300-க்கும் மேற்பட்டவை; அவற்றுள் முழுமையாக எஞ்சியவை முப்பதுகூட இல்லை. 1931 மார்ச் 14 அன்று வெளிவந்த முதல் இந்தியப் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வும், அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘காளிதாஸ்’ படமும் இன்று காணக் கிடைக்கவில்லை. 1964-ஆம் ஆண்டில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்படுமுன் பெரும்பகுதி அழிந்துவிட்டது. 2003 ஜனவரியில் அந்நகரிலேயே நைட்ரேட் சுருள்கள் இருந்த காப்பறையில் நேர்ந்த தீயில் மேலும் பல அழிந்தன.

1948-ஆம் ஆண்டில் செல்லுலோஸ் ட்ரைஅசெட்டேட் சுருள் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நைட்ரேட் சுருள் உற்பத்தி பெரும்பாலும் நின்றது. பள்ளிகளுக்கும் கிராமக் காட்சிகளுக்கும் பயன்பட்ட 16 மில்லிமீட்டர் சுருள், 1923-ஆம் ஆண்டு முதற்கொண்டே அசெட்டேட் அடிப்படையில் செய்யப்பட்டது. இது எளிதில் தீப்பற்றாது. எனினும் அழியாதது அன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் அசெட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் சுருங்குகிறது. தொடக்கத்தில் கூறிய காடி நெடி இதுவே. ட்ரைஅசெட்டேட் சுருள் சிதைவுபற்றி உற்பத்தியாளருக்கு முதன்முதலில் தெரிவித்தது இந்திய அரசாங்கமே என்பது குறிப்பிடத்தக்கது.

செய்யத்தக்கவை

1. சுருளின் ஓரத்தில் ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்னும் ஆங்கிலச் சொல் உள்ளதா எனப் பார்க்கவும். இச்சொல் மூலப் பிரதியிலிருந்து பதிந்து வந்திருக்கவும் கூடும். ஆகையால் 1950களுக்கு முற்பட்ட 35 மில்லிமீட்டர் சுருள் யாவற்றையும் நைட்ரேட் என்றே கருதுக.

2. துண்டு வெட்டிக் கொளுத்திச் சோதிக்கலாகாது. மாணவர் முன்னிலையில் அறவே கூடாது.

3. நைட்ரேட் என ஐயமுள்ள பெட்டியைத் தீ, வெயில், மின்விளக்கு ஆகியவற்றினின்றும் விலக்கி, மக்கள் புழங்காத, காற்றோட்டமுள்ள தனி இடத்தில் வைக்கவும். பேருந்திலோ ரெயிலிலோ எடுத்துச்செல்லவும், அஞ்சலில் அனுப்பவும் வேண்டா.

4. காடி நெடியுள்ள சுருளை மற்றவற்றினின்றும் பிரித்து வைக்கவும். அதன் ஆவி அருகிலுள்ள சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும். குளிர்ந்த, உலர்ந்த அறை ஏற்றது. ஓட்டுக் கூரையின் கீழுள்ள பரண் ஏற்றதன்று.

5. சுருங்கிய சுருளைக் கருவியில் ஓட்ட முயல வேண்டா. துளைகள் கிழிந்துவிடும்.

6. பெட்டியின் மேலுள்ள தலைப்பு, ஆண்டு, சுருள் எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, மேலதிகாரி வழியாகப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்குத் தெரிவிக்கவும். அது இன்று தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தைச் சார்ந்து இயங்குகிறது.

அணைக்கட்டு எழுந்த காட்சி, அம்மைத் தடுப்புப் பணி, ஊர்த் திருவிழா போன்றவற்றைப் பதிந்த சிறு சுருள்களுக்கு வேறு பிரதி இல்லாமலும் இருக்கலாம். அவ்வாறாயின் உங்கள் அலமாரியில் உள்ளதே எஞ்சிய ஒன்று. மேற்கண்ட விவரத்தை எழுதியனுப்ப ஒரு தாளும் சில நிமிடங்களும் போதும். கோடை தொடங்குமுன் இதனைச் செய்து முடித்தல் நலம்.