தொங்கும் அலமாரியும் தரையில் நிற்கும் நம்பிக்கைகளும்

மடிப்பாக்கத்தில் சித்தி வீடு. இருபது வருடப் பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. சமையலறையைப் புதுப்பிக்க வந்த இன்டீரியர்காரர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். மேடைக்கு அடியில் இருக்கும் அலமாரிகள் தரையைத் தொடாமல் சுவரில் தொங்குகின்றன. அவற்றின் அடியில் வரிசையாக விளக்கு. சித்திக்கு அந்த விளக்கு பிடித்துவிட்டது. சித்தப்பா, "நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படாது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவர் சொன்ன காரணங்களையும் கேட்டேன். இரண்டு பக்கமும் பாதிக்குப் பாதி தப்பு.

நம்பிக்கை: "தொங்கவிட்டது என்றைக்கிருந்தாலும் விழும்."

உண்மை: விழுந்த அலமாரியின் முதுகைப் போய்ப் பாருங்கள். திருகாணி வளையாமல் நேராக இருக்கும். அதோடு ஒரு கைப்பிடி சிமென்ட் பூச்சும் பெயர்ந்து வந்திருக்கும். உள்சுவர்ப் பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். அதன் மேல் டைல்ஸ். இரண்டையும் தாண்டி உள்ளே நன்றாக இறங்காத திருகாணி, சுவரைப் பிடித்ததாகக் கணக்கில் வராது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. சித்தி வீட்டு ஆசாரி துளை போடும்போது இடது உள்ளங்கையை டிரில்லுக்கு அடியில் நீட்டிக்கொண்டார். முதலில் வெள்ளைத் தூள் கொட்டியது, டைல்ஸ். அடுத்து சாம்பல் நிறம், பூச்சு. அப்புறம் செக்கச்செவேல் என்று மிளகாய்ப்பொடி மாதிரி. "செங்கல் சார், பயப்படாதீங்க" என்று கையைத் தட்டிக்கொண்டார். கெட்டியான செங்கல் சுவரில் நல்ல ராவல் பிளக்கும் நீளமான திருகாணியும் போட்டு, சுவர் நீளத்துக்கு ஒரு இரும்புப் பட்டை அடித்து அதில் மாட்டினால், அலமாரி வீட்டின் ஆயுளுக்கு நிற்கும்.

புதுக் கட்டடங்களில் கதை வேறு. அங்கே பல சுவர்கள் ஏஏசி பிளாக். செங்கல் சுவரின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழ்கள். புட்டில் குச்சி செருகுவதுபோல டிரில் இறங்கும், வெள்ளையாக மாவு கொட்டும். சாதாரண பிளக் அதில் நாளாவட்டத்தில் தளரும். இந்த பிளாக்குக்கென்றே செய்த பிளக் வேண்டும், துளையையும் டிரில்லின் சுத்தியல் அடி இல்லாமல் போட வேண்டும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தாலும் எச்சரிக்கை தேவை. அலுமினிய ஷட்டரிங்கில் வார்த்த உயர்மாடி வீடுகளில் சுவரே கான்கிரீட். துளை போடுபவர் வியர்த்துப் போவார், பிடிப்பு அபாரமாக இருக்கும்.

இன்னொன்று, மேலே மாட்டும் அலமாரி ஓரடி ஆழம். மேடைக்கு அடியில் வருவது ஏறக்குறைய இரண்டடி. ஒரே எடையை வைத்தாலும் ஆழம் இரட்டித்தால் மேல் திருகாணியில் இழுவையும் இரட்டிக்கும். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். "மேலே மாட்டினோமே, விழவில்லையே" என்று கீழேயும் அதே திருகாணியை அடிப்பவரிடம் இதைக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: "கிரானைட் கனத்தை அலமாரிதான் தாங்குகிறது."

உண்மை: நம் பக்கத்துப் பழைய சமையலறைகளில் தாங்குவது கடப்பா கல். நிறுத்தி வைத்த கடப்பா பலகைகள் மீதோ சின்னச் செங்கல் சுவர்கள் மீதோ கிரானைட் உட்கார்ந்திருக்கும். அலமாரி வெறுமனே நடுவில் நுழைந்துகொள்ளும். இருபது மில்லிமீட்டர் கிரானைட் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. பத்தடி நீளம், இரண்டடி அகல மேடை என்றால் நூறு கிலோ. அதற்கு மேல் கிரைண்டர், அடுப்பு. நவராத்திரி வந்தால், பரணிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்க மேடையின் முன்விளிம்பில் ஏறி நிற்கும் ஆள் வேறு.

இடம் மிச்சமாகும் என்று சொல்லிக் கடப்பாவைப் பெயர்த்துவிட்டு, கல்லை அலமாரிப் பெட்டிகள் மீதே ஏற்றுவது இப்போது வழக்கமாகி வருகிறது. காலில் நிற்கும் பெட்டி என்றால், கால்கள் பக்கப் பலகைகளுக்கு நேர் கீழே இருக்கும்பட்சத்தில், பரவாயில்லை. சுவரில் தொங்கும் பெட்டி மீது கல்லை ஏற்ற நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடப்பா அப்படியே இருக்கட்டும். இடையில் பெட்டியைத் தொங்கவிட்டால் அது சுமக்க வேண்டியது தன்னையும் பாத்திரங்களையும் மட்டும்தான்.

நம்பிக்கை: "சிலிண்டரையும் ஒரு தொங்கும் பெட்டிக்குள் வைத்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும்."

உண்மை: வேண்டவே வேண்டாம். எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பும் சேர்ந்தால் முப்பது கிலோவை ஒட்டும். கனம்கூடப் பெரிய விஷயமில்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி கீழே இறங்கித் தேங்கும். அடிப்பலகை உள்ள பெட்டி அதற்குத் தொட்டி கட்டிக் கொடுத்த மாதிரி. சிலிண்டர் தரையில்தான் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெட்டி எதற்கு? ஒரு கதவு போதும், கதவின் கீழேயும் மேலேயும் காற்றுப் போக ஜாலி. மற்ற அலமாரிகள் தொங்கினாலும் நின்றாலும் இதில் மாற்றம் கிடையாது. குழாயில் எரிவாயு வரும் வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நம்பிக்கை: "தரையைத் தொடாவிட்டால் கரையான் ஏறாது, கரப்பான் வராது."

உண்மை: கரையானுக்குச் சுவரும் சாலைதான். குழாய் நுழையும் ஓட்டை, செங்கல் இடுக்கு, கதவு நிலை எல்லாவற்றிலும் மண் பூசிக்கொண்டு வரும், இரண்டாவது மாடிக்கும் வரும். தொங்கும் அலமாரியின் முதுகு முழுக்கச் சுவரோடு ஒட்டித்தானே இருக்கிறது? கிடைக்கும் லாபம் ஒன்றே: அந்த மண் கோடு கண்ணில் படும். அலமாரியின் அடி இடைவெளியை ஸ்கர்ட்டிங் போட்டு மூடிய வீட்டில் பலகையைத் தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். சித்தி வீட்டில் பழைய ஸ்கர்ட்டிங்கைக் கழற்றியபோது இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், கல்லாகிப் போன ஓர் எலுமிச்சை, சுவரோரம் சுண்டுவிரல் அகலத்தில் மண் தடம். கழற்றி மாட்டும் கிளிப் ஸ்கர்ட்டிங், அதுவும் பிவிசியோ அலுமினியமோ போட்டிருந்தால் பொங்கலுக்குப் பொங்கலாவது கண்ணில் பட்டிருக்கும்.

சின்னப் பழுப்புக் கரப்பான் தங்குவது கீல் இடுக்கிலும் பிரிட்ஜ் மோட்டார் சூட்டிலும். அதற்குத் தரை ஒரு பொருட்டே இல்லை.

பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருந்தால் தண்ணீருக்கு அசையாது என்பதும் இதே ரகம். அந்த எண் மரைன் பிளைவுட்டைக் குறிப்பது. அதன் பசை தண்ணீரைத் தாங்கும். ஆனால் சிங்க் குழாய்க்காக அறுத்த ஓரத்தைப் பூசாமல் விட்டால் அங்கே தண்ணீர் குடிக்கும். தொங்கினாலும் குடிக்கும்.

நம்பிக்கை: "அடியில் இடைவெளி இருந்தால் கழுவுவது சுலபம்."

உண்மை: எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். நாலு அங்குலத்தில் துடைப்பம் போகும், திரும்பாது. எட்டு, பத்து அங்குலம் விட்டால்தான் மாப் போய் வரும். அவ்வளவு விட்டால் கீழ் டிராயரில் பாதி காலி. வெள்ளத்துக்கு உதவும் என்று சொல்பவர்களும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளச் சமையலறைக்குள் தண்ணீர் புகுந்து மேடையைத் தொட்டதைப் பார்த்தவர்களிடம் பத்து அங்குலக் கதையைச் சொல்ல வேண்டாம்.

சித்தி வீட்டில் கடைசியில் சிங்க் பக்கம் தொங்கவிட முடியவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. அடுப்புப் பக்கம் நாலடி மட்டும் கடப்பாவுக்கு நடுவே தொங்குகிறது. மீதியெல்லாம் கால் வைத்ததுதான், ஆனால் முன்கால்களை ஆறு அங்குலம் உள்ளே தள்ளி, ஸ்கர்ட்டிங் இல்லாமல் விட்டோம். விளக்கு முழு நீளத்துக்கும் ஓடுகிறது. ஹாலிலிருந்து பார்த்தால் எல்லாமே தொங்குவது மாதிரி இருக்கிறது. வருகிறவர்களுக்குச் சித்தப்பாதான் குனிந்து கால்களை எண்ணிக் காட்டுகிறார்.