ஐப்பசி மழைக்கு முன் வீட்டு இண்டர்காம் வயரிங்கை முடித்துவிடுங்கள்

புரட்டாசி மாத ஆலோசனை: செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வசிப்போருக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். பகல் வெயில் சுவரைக் காய வைக்கும் இந்த நாள்களே வீட்டுக்குள் டெலிபோன் வயர் இழுக்க ஏற்றவை. அடைமழை பிடித்த பிறகு போடும் இணைப்புக்குள் ஈரமும் சேர்ந்தே அடைபடும்.

காரைக்குடி வட்டாரத்துப் பெரிய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. இன்று அவற்றில் பெரும்பாலும் வயதானவர்கள் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். மூன்றாங்கட்டில் ஒருவர் வழுக்கி விழுந்தால் முகப்பில் இருப்பவருக்குக் கேட்காது. கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபையும் சரியாகப் போகாது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்தன, பல இடங்களில் செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. வீட்டுக்குள் ஓடும் செப்புக் கம்பிக்குக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இண்டர்காம் பெட்டிக்கு மின்சாரம் இருந்தால் போதும், கட்டுக்குக் கட்டு பேசலாம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியவை

ஒரே லைனிலிருந்து போனுக்குப் போனாகக் கிளை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். அப்படி நான்கைந்து கருவிகளைச் சேர்த்தால் மணி ஒலி தளரும். நடுவில் ஓரிடத்தில் ஈரம் இறங்கினால் எல்லாப் போனும் சேர்ந்து கரகரக்கும். அதற்குப் பதில் 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் கொள்ளும் சிறிய இ.பி.ஏ.பி.எக்ஸ் (இண்டர்காம்) பெட்டி பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானது. அதை மழைச் சாரலோ ஓட்டு ஒழுக்கோ படாத உள்ளறையில், தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷன் எண்களில் மிகுந்த கவனம் வேண்டும். பல பெட்டிகள் 101, 102 என்ற வரிசையிலேயே எண்களோடு வருகின்றன. அதை அப்படியே விட்டால், ஆம்புலன்சுக்காகப் பதறிப்போய் 108 அழுத்துபவருக்கு எட்டாவது அறையின் மணிதான் அடிக்கும். எண்களை 21, 22 என மாற்றித் தரும்படி பெட்டி பொருத்துபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெளி லைனுக்கு முன்னால் 0 அல்லது 9 அழுத்த வேண்டுமென்றால், அதையும் சேர்த்து "0-108", "0-112" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு போனிலும் ஒட்டுங்கள்.

வயர் இழுக்கும்போது

- ஒவ்வொரு அறைக்கும் பெட்டியிலிருந்து தனிக் கேபிள் போகட்டும். ஒரு போனுக்கு ஒரு ஜோடிக் கம்பி போதும் என்றாலும் 2 ஜோடிக் கேபிள் இழுங்கள்; ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்கும்.
- நீண்ட வீட்டில் முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை ஒரு 10 ஜோடிக் கேபிளைக் கொண்டுபோய், அங்கே ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்துப் பின்கட்டு அறைகளுக்குப் பிரிக்கலாம்.
- 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பியே வாங்குங்கள். செம்புப் பூச்சிட்ட அலுமினியம் எளிதில் ஒடியும்; விலை குறைவு என்று மயங்க வேண்டாம்.
- 230 வோல்ட் மின்வயர் போகும் பைப்புக்குள் டெலிபோன் கேபிளை நுழைக்கவே கூடாது. பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஓர் அடி இடைவெளி விடுங்கள். குறுக்கே கடந்தால் நேர்க்குத்தாகக் கடக்கட்டும்.
- பழைய சுண்ணாம்புப் பூச்சை வெட்டாதீர்கள். உத்தரத்தின் மேல் விளிம்பிலோ நிலைக்கதவின் ஓரத்திலோ கிளிப் அடித்துக் கொண்டுபோனால் கேபிளும் கண்ணில் படாது, சுவரும் பிழைக்கும்.
- கம்பியை முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் அது பச்சைக் களிம்பு பூத்துவிடும். பெட்டியருகே க்ரோன் மாட்யூல், அறையில் ரோசட் பாக்ஸ், வெளிப்புறத்தில் ஜெல் நிரப்பிய கனெக்டர் என்று போடச் சொல்லுங்கள்.
- தோட்டத்து அறைக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ மண்ணுக்கடியில் போவதானால் ஜெல்லி நிரப்பிய கேபிளைப் பிவிசி பைப்புக்குள் இழுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போனையும் பெட்டியையும் கழற்றிவிட்டு ஒரு ஜோடியின் இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் ஓம் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் எங்கோ ஈரமோ ஷார்ட்டோ இருக்கிறது. மறுமுனையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அளந்தால் 100 மீட்டர் கேபிளுக்குச் சுமார் 18 ஓம் வர வேண்டும். அதைவிட மிக அதிகமாக வந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது கம்பி செம்பு இல்லை. மணி அடிக்கும் நேரத்தில் லைனில் 75 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஓடும். ஈரக்கையோடு கம்பியைத் தொடாதீர்கள்.

இடிக்கும் இருட்டுக்கும்

கம்பத்திலிருந்து செப்பு லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இடிதாங்கும் அரெஸ்டர் அவசியம். அதன் எர்த் வயர் வளைந்து நெளியாமல், குறுகிய வழியில் வீட்டின் பிரதான எர்த்தோடு சேர வேண்டும். தோட்டத்துக்குப் போகும் கேபிளின் இரு முனையிலும் இதே பாதுகாப்பு வேண்டும். இடி இடிக்கும் நேரத்தில் வயர் போனில் பேச வேண்டாம்.

பழைய செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது. ஃபைபருக்கு மாறியவர்களுக்கு அந்த வசதி இல்லை. மோடமும் இண்டர்காம் பெட்டியும் இரண்டுமே இன்வெர்ட்டர் பாயிண்டில் இருக்கட்டும். படுக்கையருகே கார்ட்லெஸ் வேண்டாம். அதன் பேஸுக்கும் கரண்ட் வேண்டும். பெரிய பட்டன் உள்ள சாதாரண வயர் போனே நல்லது. ரிசீவரை எடுத்தாலே குறிப்பிட்ட அறையில் மணி அடிக்கும் ஹாட்லைன் வசதி உங்கள் பெட்டியில் இருந்தால், குளியலறை வாசலிலும் கட்டிலருகிலும் உள்ள போன்களுக்கு அதைப் போட்டுவிடுங்கள்.

மழை தொடங்கும் முன்

ஒருநாள் மாலை வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, இன்வெர்ட்டரில் ஓடவிட்டு எல்லா அறையிலிருந்தும் பேசிப் பாருங்கள். எந்தக் கேபிள் எந்த அறைக்கு என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து வரும் பழுதுபார்ப்பவருக்கு அதுவே வழிகாட்டி.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், தீபாவளி மழைக்குள்தான் வருகிறது. இந்த வாரமே ஆளை ஏற்பாடு செய்யுங்கள். வேலை முடிந்ததும் அம்மா அப்பாவை ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒருமுறை பேசிப் பழகச் சொல்லுங்கள்.