பத்து வெள்ளி கேளுங்கள்

"ஆபீஸில் நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?" என்று அலுத்துக்கொள்ளும் இளைஞர்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்குப் பெயர் தந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் செய்ததை அவர்கள் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றும்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலில் பால்மரம் சீவியவர்களுக்கு வேலையும் போனது, லயத்து வீடும் போனது. விற்கிற தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று யோசித்தார் சம்பந்தன். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி போடச் சொன்னார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது.

சம்பந்தன் கையாண்ட இந்த வழியை உங்கள் வேலையிடத்திலும் செய்து பார்க்கலாம்.

முதல் வேலை, கேள்வியைத் திருப்பிப் போடுவது. உங்களை அரிக்கும் பிரச்சினையை ஒரு தாளில் எழுதி, அதையே பத்து விதமான கேள்விகளாக மாற்றுங்கள். "இதை எப்படித் தடுப்பது?", "இது நடந்தால் யாருக்கு லாபம்?", "அந்த இடத்தில் நாமே இருந்தால்?" எழுதும்போது எதையும் அடிக்காதீர்கள். பிரெயின்ஸ்டார்மிங் முறையைப் பரப்பிய அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் வற்புறுத்தியதும் இதைத்தான்: யோசனை சேர்க்கும் நேரம் வேறு, சலிக்கும் நேரம் வேறு.

அடுத்து, எதிரில் இருப்பவருக்கு எது வலிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் யோசனையின் அழகு அவருக்கு இரண்டாம்பட்சம். தொழிலாளியிடம் கூட்டுறவுக் கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தால் பத்து வெள்ளி வந்திருக்காது. கூரை போய்விடும் என்ற பயம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். கேட்பதைச் சின்னதாக்குங்கள். கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு பார்வர்டிங் கம்பெனியில் வேலை செய்கிறீர்கள் என்று வையுங்கள். கண்டெய்னர் அடிக்கடி துறைமுகத்தில் மாட்டிக்கொள்கிறது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறுகிறது. "பாஸ், புது சாப்ட்வேர் வாங்கலாம்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"பாஸ், போன மாசம் டெமரேஜ் கட்டின கண்டெய்னரை எல்லாம் எழுதி வச்சிருக்கேன். நிறைய இடத்துல பேக்கிங் லிஸ்ட்ல ஒரு எடை, பில் ஆஃப் லேடிங்ல வேற எடை. ரெண்டு வாரம், ஒரே ஒரு கஸ்டமருக்கு மட்டும், கஸ்டம்ஸுக்குக் கே1 பாரம் போடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துடறேன். செலவு ஒண்ணும் இல்ல."

இதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். அவர் கட்டிய பணத்தில் பேச்சு தொடங்குகிறது, ஆதாரம் கையில் இருக்கிறது, கெட்டுப்போனாலும் இழப்பு சிறிது. இரண்டு வாரம் சரியாக நடந்தால் அதுவே உங்கள் புக்கிட் சீடிம். அதைக் காட்டி அடுத்த கஸ்டமருக்குக் கேளுங்கள். சாப்ட்வேர் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.

மொழியிலும் கவனம் வேண்டும். யோசனையைத் தமிழில் யோசித்துத் தெளிவாக்குங்கள். மேலாளருக்கு எந்த மொழி கைவந்ததோ, மலாயோ ஆங்கிலமோ, அதில் நாலே வாக்கியமாகச் சுருக்கி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஐந்தாவது வாக்கியம் தேவைப்பட்டால் யோசனை இன்னும் பழுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் புதிதாகப் போட்டு உடைப்பதைவிட, முந்தின நாளே தனியாகச் சொல்லி வைப்பது நல்லது. மேலாளருக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

மறுத்துவிட்டால் வாதாடாதீர்கள். "எது மாறினால் சரி என்பீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறை அந்தத் தாளோடு போகலாம்.

பேச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போக ஆசை, பணம்தான் தடை என்றால் இன்னொரு வழி உண்டு. பெரும்பாலான துறைகளில், பத்து மலேசியர்களுக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகிறார்கள். ஊழியர் பயிற்சிக்காகவே உள்ள பணம் அது. உங்கள் கம்பெனி கட்டுகிறதா, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மனிதவளப் பிரிவில் விசாரித்துவிட்டு, வகுப்புக்கான விண்ணப்பத்தையே உங்கள் முதல் பத்து வெள்ளியாகக் கேட்டுப் பாருங்கள்.