பெட்டிக்குள் வந்த பொம்மைகள், பேனா கொடுத்த உயிர்

வாகனமாகவும் ஆயுதமாகவும் உருமாறும் ரோபோக்களின் கதையான 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' முதலில் ஜப்பானில் வந்த கார்ட்டூன், அது ஓடிய பிறகுதான் பொம்மைகள் வந்தன என்று பலரும் நம்புகிறார்கள். நடந்தது தலைகீழ். பொம்மைகள்தான் மூத்தவை. ஜப்பானின் டகாரா நிறுவனம் 'டயாக்ளோன்', 'மைக்ரோமேன்' என்ற இரண்டு வரிசைகளில் அவற்றை விற்றுவந்தது. டயாக்ளோன் ரோபோக்களுக்குச் சுயபுத்தி கிடையாது. அவற்றை ஓட்டுவதற்கென்றே குட்டி மனித பொம்மைகள் கூட வந்தன. பின்னாளில் கதாநாயகன் ஆப்டிமஸ் பிரைம் ஆன லாரி அங்கே வெறும் 'பேட்டில் கான்வாய்'. பின்னாளில் அவனுடைய எதிரியான மெகாட்ரானோ மைக்ரோமேன் வரிசையில் வந்த கைத்துப்பாக்கி. இரண்டுக்கும் பகை இருக்கட்டும், ஒரே கதையில்கூட அவை இல்லை.

1984 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடரைப் பற்றி இன்னொரு பேச்சு உண்டு: "பொம்மை விற்க எடுத்த நீண்ட விளம்பரம், அதில் எழுத்து என்ன இருக்கிறது?" விற்பதற்காக எடுத்தது என்பது உண்மை. எழுத்து இல்லை என்பது அநியாயம். பொம்மைகளை வாங்கி விற்க முன்வந்த அமெரிக்க நிறுவனம் ஹாஸ்ப்ரோ, கதை கேட்டு மார்வெல் காமிக்ஸிடம் போனது. இரு ரோபோப் படைகளின் போர் என்ற அடித்தளத்தை மார்வெலின் ஜிம் ஷூட்டர் எழுதினார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் அங்கேயே பணியாற்றிய டென்னி ஓ'நீல் தந்தது. மற்ற பெயர்கள் பலவும் ஹாஸ்ப்ரோவுக்குப் பிடிக்கவில்லை.

1983 நவம்பரில் பெயர் சூட்டும் வேலை பாப் புடியான்ஸ்கி என்ற மார்வெல் ஆசிரியரிடம் வந்தது. சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தார். மெகாட்ரான் என்ற பெயர் பயமுறுத்துகிறது என்று ஹாஸ்ப்ரோ தயங்கியது. வில்லன் என்றால் பயமுறுத்தத்தானே வேண்டும் என்று அவர் வாதாடி வென்றார். தலைவன் நாற்காலிமேல் கண்வைத்த ஸ்டார்ஸ்க்ரீமின் துரோகபுத்தியும் அவர் எழுதியதுதான். ஒரே அச்சில் வார்த்து, நிறம் மட்டும் மாற்றி விற்ற மூன்று விமானங்களில் ஸ்டார்ஸ்க்ரீமைத் தனியாக நினைவில் நிறுத்தியது அந்தக் குணம்தான். குழந்தைகள் கடையில் பிளாஸ்டிக்கை வாங்கினார்கள், வீட்டில் விளையாடியது இந்த மனிதர் எழுதிய குணங்களோடு. அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரியவேண்டும் என்பது என் ஆசை.

ஆப்டிமஸ் பிரைமின் கனிவான குரலுக்கும் ஒரு மூலம் உண்டு. வியட்நாம் போரில் பங்கேற்ற லாரி என்ற தன் அண்ணனை மனதில் வைத்தே குரல் கலைஞர் பீட்டர் கல்லன் பேசினார்.

1986 திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைம் இறந்தது கதையின் தேவை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். காரணம் கடை அலமாரி. பழைய பொம்மைகளை விலக்கிப் புதியவற்றுக்கு இடம் விடவேண்டியிருந்தது. தியேட்டர்களில் குழந்தைகள் அழுதார்கள், கடிதங்கள் குவிந்தன. 1987-இல் தொடரிலேயே அவரை உயிர்ப்பித்தார்கள். அந்த எதிர்ப்பின் விளைவாக, அதே ஆண்டு வந்த ஹாஸ்ப்ரோவின் 'ஜி.ஐ. ஜோ' படத்தில் சாகவேண்டிய டியூக் என்ற பாத்திரமும், அவசரமாகச் சேர்த்த ஒரு வசனத்தால் கோமாவோடு தப்பினார்.