அலாரம் பெட்டியில் எத்தனை ஸ்மோக் டிடெக்டர்?

யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். தனி அடாப்டர் இல்லாத ஹப் வாங்கி நான்கு சாதனங்களைச் செருகினாலும் அதே 500-ஐத்தான் பங்கு போட வேண்டும். வீட்டு அலாரம் பெட்டியில் ஸ்மோக் டிடெக்டர் சேர்ப்பதும் இதே கதைதான். வயர் மாட்ட இடம் இருக்கிறதே என்று மாட்டிவிடாதீர்கள்.

பெட்டியின் கையேட்டில் 12 வோல்ட் ஆக்ஸ் முனையின் அளவைப் பாருங்கள். 500 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கீபேடுக்கு 200, ஐந்து மோஷன் சென்சாருக்கு 100 போனால் மீதி 200. டிடெக்டர் தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: சும்மா இருக்கும்போது ஒன்று, அலாரத்தில் ஒன்று. நான் பெரிய எண்ணைத்தான் எடுப்பேன். அது 40 என்றால் ஐந்து மாட்டலாம். நான் நான்கோடு நிறுத்துவேன். (இது நான்கு வயர் டிடெக்டருக்கு. இரண்டு வயர் என்றால் ஒரு ஸோனுக்கு எத்தனை என்று கையேடே சொல்லும்.)

பலர் மறப்பது பேட்டரியை. கரண்ட் போனபின் 24 மணி நேரம் தாங்கி, பிறகும் 4 நிமிடம் அலற வேண்டும் என்பது வீடுகளுக்கு அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 விதி. பெட்டியும் சேர்த்து சாதாரணமாக 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், 24 மணிக்கு 7.2 ஆம்பியர்-மணி ஆகிறது. பல பெட்டிகளில் இருப்பதோ 7! பெரிய பேட்டரி போடுமுன், பெட்டியின் சார்ஜர் அதைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால், சொந்த பேட்டரியுள்ள தனி பவர் சப்ளை வாங்கி டிடெக்டர்களை அதற்கு மாற்றுங்கள்.